கோட்டுக்குக் கீழே விழுந்த புள்ளி

வானொலியில் எப்படிப் பேசுவது, எந்தக் கப்பலை எங்கே நிறுத்துவது, எதை எப்போது பதிவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர இந்தக் கந்தோரில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி நான் எழுதவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாட்களிலும், மாரி தொடங்கி யன்னல் கதவு அடிக்கும்போது எனக்குப் பயம் வரும். எழுந்து போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தாலும் அது உடனே போகாது. அது எந்த நாளில் தொடங்கியது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் கணிதம் படித்தவள். ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்து சலித்துப்போய், துறைமுகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பிறகு நீங்கள் இப்போது இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தவள். ஓர்ஸ் ஹில் குன்றின் சரிவில் இருந்த எங்கள் அறையின் கண்ணாடியால் பார்த்தால் உள்துறைமுகம் குளம்போலத் தெரியும். வெளிக்கடல் தெரியாது. அங்கே நடப்பதெல்லாம் எங்களுக்குக் குரல்களாகத்தான் வரும்.

நான் துணிச்சல்காரி இல்லை. பயம் வந்தால் எண்கள் என் காதில் தங்காது. ஒருவர் ‘மூன்றரை’ என்று சொல்லி முடிக்குமுன் அதற்கு முன்பு சொன்னது மறந்துபோகும். அதனால் மேசை இழுப்பறையில் எப்போதும் வரைபுத்தாள் வைத்திருந்தேன். வானொலியில் ஏதாவது அளவு திரும்பத் திரும்ப வந்தால், கிடையச்சில் நேரம், நிலைக்குத்தச்சில் அந்த அளவு என்று புள்ளி வைத்துக்கொண்டு போவேன். அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு கீறினால் மனம் கொஞ்சம் அடங்கும். “மிஸ் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கேல்லை” என்று கூட வேலை செய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது வீம்பு இல்லை, மருந்து.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, மாரிக்காலத்தில் ஒரு காலை. அன்று கடமை அதிகாரி நான்தான். என்னுடன் தர்ஷினி இருந்தார். உங்களில் பலருக்கு இன்று அவர்தான் மேலதிகாரி. அப்போது அவர் வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உப்புவெளியில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த, வரைபு கீறிக் காட்டும் கல்குலேற்றர் ஒன்று எப்போதும் அவருடைய கைப்பையில் இருக்கும். துறைமுகத்துக்குப் பொறுப்பான எங்கள் கப்டன் ஒரு கூட்டத்துக்காகக் கொழும்பு போயிருந்தார்.

வடக்கே ஒரு அலைதடுப்பு கட்டுவதற்காகக் கருங்கல் ஏற்றிய பார்ஜ் ஒன்று விடிய முன்பே எங்கள் துறைமுகத்தை விட்டுப் போயிருந்தது. பார்ஜ் என்றால் இயந்திரம் இல்லாத தட்டையான இரும்பு மிதவை. கற்கள் மேல்தட்டில் குவிந்திருக்கும். தட்டின் கீழே தடுப்பில்லாத வெறும் வெளிதான். இன்னொரு படகு அதைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும். உப்புவெளிக்கு நேரே வெளியே போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கயிறு அறுந்தது. அறுந்த கயிறு இழுத்துப்போன படகின் சுழல்விசிறியிலேயே சுற்றிக்கொண்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டன. படகுக்கு வேறு சேதமில்லை. பார்ஜுக்கு அடியில் எங்கோ தகடு பிளந்து தண்ணீர் வரத் தொடங்கியது.

பார்ஜில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பு ஹனீபா நானா. கிண்ணியாக்காரர், நல்ல அனுபவமுள்ள தண்டயல், கடலோடிகளின் தலைவர். எத்தனையோ வருடமாக அவருடைய குரல் எனக்குப் பழக்கம். முகத்தை இரண்டு தரம்தான் கண்டிருப்பேன்.

“மிஸ், தண்ணி வருது” என்றார். “பம்ப் போட்டிருக்கம். வாறதுதான் கூடவா இருக்கு.”

“எவ்வளவு நிக்குது, நானா?”

பார்ஜின் பின்பக்கத்தில், அவர்கள் ஒதுங்கும் சின்னக் கொட்டகைக்குப் பக்கத்தில், கீழே இறங்கும் குழாய் ஒன்று இருந்தது. அதற்குள் அளவுக்கம்பியை விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

“ரெண்டடி, மிஸ்.”

“எத்தனை அடி வரைக்கும் தாங்கும்?”

“ஆறடி வந்தா மேல்தட்டில கடல் ஏறும். அதுக்குப் பிறகு பேச்சில்ல.”

அரை மணிக்கு ஒரு தரம் அளந்து சொல்லச் சொன்னேன். உதவிக்கு எங்கள் இழுவைப் படகு உள்துறைமுகத்திலிருந்து கிளம்பியது. கடற்படைக்கு அறிவித்தோம். அவர்களுடைய சிறு படகுகள் வெருகல் பக்கத்தில் வெள்ளத்தில் அகப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டிருந்தன. முடிந்தவுடன் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்போது முடியும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கரை வலைக்காரர்களின் படகுகளுக்கோ அன்று கரையில் உடையும் அலையைத் தாண்டி வெளியே போக வழியே இல்லை.

ஒன்பது மணிக்கு முதல் புள்ளியை வைத்தேன். இரண்டு அடி. ஒன்பதரைக்கு இரண்டரை. பத்துக்கு மூன்று. பத்தரைக்கு மூன்றரை. நான்கும் ஒரே நேர்கோட்டில், அடிமட்டத்துக்காகவே வைத்ததுபோல் இருந்தன. பள்ளியில் நாம் எல்லோரும் எழுதிய அதே சமன்பாடுதான், y = mx + c. முதலில் பார்க்கும்போது நின்ற தண்ணீர் c, அதாவது வெட்டுத்துண்டு, இரண்டு அடி. மணிக்கு ஏறும் அளவு m, அதாவது படித்திறன், ஒரு அடி. பத்தாம் வகுப்புப் பிள்ளை அரை நிமிடத்தில் கீறிவிடும். ஆனால் இந்தக் கோட்டின் மேல் நான்கு மனிதர்கள் இருந்தார்கள்.

கோட்டை மேலே நீட்டினேன். ஒரு மணிக்கு அது ஆறடியைத் தொட்டது.

அதே தாளில் இழுவைப் படகுக்கும் ஒரு கோடு கீறினேன். அதற்கு y என்பது பார்ஜுக்கு இன்னும் இருக்கும் தூரம். அது கீழே இறங்கும் கோடு, நண்பகலில் பூச்சியத்தைத் தொட்டது. பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் மிச்சம். அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டுதான் நான் தேநீர் குடித்தேன். தர்ஷினியும் எண்களைத் தன் கல்குலேற்றரில் போட்டு, அந்தச் சின்னத் திரையைத் திருப்பிக் காட்டினார். அவருக்கும் ஒரு மணிதான் வந்திருந்தது.

கோணேசர் மலையைச் சுற்றித் திரும்பியதும் இழுவைப் படகுக்கு எதிர்க்கடல். அதை ஓட்டும் மாஸ்டர் கூப்பிட்டார்.

“மிஸ், இதில பாதி வேகம்கூட எடுக்க ஏலாது. மூக்கு தண்ணிக்குள்ள போகுது.”

அவர் சொன்ன தூரத்தைப் புள்ளியாக வைத்தேன். சரிவு குறைந்து கோடு கிடையாகப் படுக்கத் தொடங்கியது. இப்போது அது பூச்சியத்தைத் தொடும் இடம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முந்தி. மிச்சம் இருந்த ஒரு மணி நேரம் பென்சில் முனை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தேன். 

பதினொரு மணிக்கு நானாவின் குரல் வந்தது. அதற்கு முந்திய குரல்களைவிட அது உயிரோடு இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், மிஸ். குறையுது.”

“என்ன குறையுது?”

“தண்ணி. மூணேகாலுக்கு இறங்கியிருக்கு. பம்ப் இழுக்குது மிஸ். மெஷினை இப்பதான் கழுவிப் போட்டனாங்க.”

நான்கு அடி என்று எதிர்பார்த்த இடத்தில் மூன்றேகால். எங்கள் அறையில் இருந்த எல்லோரும் மூச்சு விட்டார்கள். அறையில் செய்திகளைப் பதியும் தம்பி கதிரையைப் பின்னால் சாய்த்து, “ஆண்டவன் இருக்கிறான்” என்றார். எனக்கும் அழுகை வரும்போல் இருந்தது. சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புள்ளியை வைத்தேன். கோட்டுக்குக் கீழே அது தனியாக நின்றது.

தர்ஷினி ஐந்து புள்ளிகளையும் கல்குலேற்றரில் போட்டார். அது அவற்றுக்குப் பொருத்தமான கோடு ஒன்றைக் கீறி, படித்திறனையும் சொன்னது. மணிக்கு ஒரு அடி என்றிருந்தது இப்போது அதைவிடக் குறைந்திருந்தது. அந்தக் கோடு ஆறடியைத் தொட்டது இரண்டரை மணிக்கு.

“இரண்டரை, மிஸ்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா இந்தக் கடைசிப் புள்ளியை விட்டுட்டுப் பார்த்தா பழையபடி ஒரு மணிதான் வருது. இது பிழையான அளவா இருக்குமோ? பார்ஜ் ஆடுற ஆட்டத்தில கம்பி சரியா இறங்கியிருக்காது. இதைச் சேர்க்கிறதா விடுறதா? நீங்கள் சொல்லுங்கோ.”

அவர் கேட்டது சரியான கேள்வி. கல்குலேற்றரிலும் பிழை இல்லை. கொடுத்த புள்ளிகளுக்கு அது சரியான கோட்டைத்தான் கீறியிருந்தது. சேர்த்தால் இரண்டரை, இழுவைப் படகு வந்து சேர்ந்த பிறகும் நேரம் மிச்சம் இருக்கும். விட்டால் ஒரு மணி, படகும் தண்ணீரும் ஒன்றாய் வந்து நிற்கும். ஒரே ஒரு புள்ளி ஒன்றரை மணி நேரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது.

இதை உங்களுக்கு நன்றாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்துவிட்டு இருந்திருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சேர்த்திருந்தால் நம்பிக்கையோடு காத்திருந்திருப்போம். விட்டிருந்தால் பயத்தோடு காத்திருந்திருப்போம். எதைச் செய்தாலும் அந்த நான்கு பேரும் அங்கேயேதான் இருந்திருப்பார்கள். எனக்கு அந்தப் புள்ளியைச் சேர்க்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. ஏனென்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பம்ப் திடீரென்று நன்றாக இழுக்கத் தொடங்கியிருந்தால் தண்ணீர் ஏறும் வேகம் முதலில் குறையும், பிறகு நிற்கும், அதன் பிறகுதான் இறங்கும். இது அப்படி இல்லை. நேராக ஏறிக்கொண்டிருந்தது ஒரே அடியாகக் கீழே விழுந்தது. தண்ணீரை யாரோ தூக்கிக்கொண்டு போனது போல.

எங்கே போனது?

இந்தக் கேள்வி மனதில் வந்ததும் தாளைத் திரும்பவும் பார்த்தேன். நிலைக்குத்தச்சில் ‘தண்ணீர்’ என்று எழுதியிருந்தேன். நான் கீறிக்கொண்டிருந்தது தண்ணீரை இல்லை. பின்பக்கத்தில் ஒரு குழாய்க்குள் கம்பி எவ்வளவு நனைந்தது என்பதை.

வானொலியை எடுத்தேன்.

“நானா, மழை பெய்யுதோ அங்க?”

“பெய்யுது மிஸ். விடவே இல்ல.”

“மேல்தட்டில விழுற மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? பார்த்துச் சொல்லுங்கோ.”

அவர் பார்க்கப் போனார். காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. தர்ஷினி என்னைப் பார்த்தார். அவருடைய விரல் கல்குலேற்றரின் பொத்தானில் அப்படியே நின்றது.

“முன்னுக்கு ஓடுது மிஸ்” என்றார் நானா. “கல்லுக் குவியலுக்கு அடியால முன்னுக்குப் போகுது.”

“காலையிலயும் அப்படித்தானோ?”

“இல்ல. காலையில இஞ்சதான் தேங்கிச்சு, நாங்க நிக்கிற இடத்தில. கணுக்கால் மட்டும் தண்ணி. இப்ப இந்த இடம்…” குரல் தளர்ந்தது. “இப்ப இந்த இடத்தில ஒண்டும் இல்ல மிஸ்.”

அவருக்கு விளங்கிவிட்டது. அறையில் தர்ஷினிக்கும் விளங்கியது. பார்ஜின் முன்பக்கம், கடலோடிகள் அணியம் என்று சொல்லும் பக்கம், தாழத் தொடங்கியிருந்தது. உள்ளே நின்ற தண்ணீர் முன்னால் ஓடிப்போனதால் பின்னால் குழாயில் குறைந்திருந்தது. முன்னால் குவிந்த தண்ணீர் அணியத்தை இன்னும் தாழ்த்தும். கற்குவியல் மறைத்ததாலும் அலை தூக்கிப் போட்டதாலும் பின்னால் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. எல்லோரையும் சந்தோஷப்படுத்திய அந்தப் புள்ளிதான் அன்றைய புள்ளிகளிலேயே மோசமானது.

“மிஸ், அப்ப எவ்வளவு நேரம் இருக்கும்?” என்றார் தர்ஷினி மெல்ல.

“தெரியாது.”

தாளில் இருந்த எந்தக் கோடும் அதைச் சொல்லவில்லை.

பார்ஜில் ஒரு இறப்பர் மிதவை இருந்தது. அதில் இறங்கினால் வாடைக் காற்று அவர்களைக் கரைக்குத்தான் தள்ளும். ஆனால் கரைக்குப் பக்கத்தில் அலை ஆளுயரத்துக்கு எழும்பி உடைந்துகொண்டிருந்தது. அதற்குள் மிதவை கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்தவனும் சாகலாம். மிதவையைப் பார்ஜோடு கட்டி, இழுவைப் படகு வரும்வரை அதில் இருக்க முடியுமா என்று கேட்டேன். “இரும்பில அடிச்சுக் கிழிஞ்சிரும்” என்றார் நானா.

அந்த நேரத்தில் தொலைபேசி. பார்ஜுக்குச் சொந்தமான கம்பனியின் முகாமையாளர். தண்ணீர் குறைகிறது என்ற செய்தியும் மிதவைப் பேச்சும் அவருக்கு எப்படியோ போயிருந்தன.

“மிஸ், ஆக்களை இறக்கப் போறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். பம்ப் வேலை செய்யுது, தண்ணி இறங்குது, உங்கட இழுவைப் படகும் வருது. இந்த நேரத்தில ஏன் அவங்களைக் கடல்ல விடுறீங்கள்? அலையில ஒருத்தருக்கு ஒண்டு நடந்தால் யார் பொறுப்பு?”

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதரும் இல்லை. அவர் கேட்ட கடைசிக் கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். கொழும்பில் கப்டனுக்கு எடுத்துச் சுருக்கமாகச் சொன்னேன்.  “கேட்டுக்கொண்டிருக்கிறது நீங்கள். உங்களுக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்யுங்கோ. நான் பின்னால நிக்கிறன்” என்றார். அதற்கு மேல் அவரும் என்ன சொல்வார்?

தர்ஷினி தன் கைப்பேசியை எடுத்து வைத்திருந்தார். “மிதவை விழுந்தால் எங்கட கரைக்குத்தான் வரும் மிஸ். மாமாவிட்டச் சொல்லட்டோ? கயிறோட ஆக்கள் நிப்பினம்.”

“சொல்லுங்கோ” என்றேன். உடனே வானொலியை அழுத்தினேன்.

“நானா, மிதவையை இறக்குங்கோ. உயிர்காப்புச் சட்டை எல்லாரும் போட்டிருக்கிறீங்களோ?”

“போட்டிருக்கம்.” குரலைத் தாழ்த்தினார். “மிஸ், இந்த அலைக்கு இறப்பரை விட இரும்பு நல்லம் எண்டுதான் என்ட மனசு சொல்லுது. கூட நிக்கிற புள்ளைகளும் பயப்படுறாங்க. நீங்க கேக்குறீங்களா, சொல்லுறீங்களா?”

இவ்வளவு காலமும் இந்த வேலையில் நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வியை அதற்கு முன்பு யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கிறேன் என்றால் அவர் இருப்பார். சொல்கிறேன் என்றால் இறங்குவார். ஏதாவது நடந்தால் அது என் சொல்லால் நடந்தது.

“சொல்லுறன்” என்றேன்.

“சரி மிஸ்.”

அதற்குப் பிறகு அவருடைய குரல் வரவில்லை. மிதவையில் வானொலி இல்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தை என்னால் எழுத முடியாது. நாங்கள் தர்ஷினியின் கைப்பேசியைச் சுற்றி நின்றோம். உப்புவெளிக் கரையில் அவருடைய மாமாவும் பத்துப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். மிதவை தெரிகிறது என்றார் மாமா. பிறகு தெரியவில்லை என்றார். பிறகு ஒருவரும் கைப்பேசியில் கதைக்கவில்லை. கூப்பாடும் அலையின் சத்தமும் மட்டும் கேட்டது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூன்று பேர் அலைக்குள் போனார்கள் என்று பிறகு அறிந்தோம். மிதவை கடைசி அலையில் கவிழ்ந்தது. மூன்று பேரை உடனே இழுத்துப் போட்டார்கள். நான்காவது ஆளை அலை திரும்ப உள்ளே இழுத்து, கரையில் கிடந்த பழைய கொங்கிறீற்றுத் துண்டில் மோதவைத்தது. அது ஹனீபா நானா. எல்லோரையும் முதலில் விட்டுவிட்டுக் கடைசியாக மிதவையை விட்டவர் அவர். உயிரோடு எடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போயிருந்தது.

நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டபோது தர்ஷினி மாமாவுக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். எனக்கு ஆறுதல் வரவில்லை. ஏனென்றால் பார்ஜ் இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டரை ஆனது. மிதந்தது. ஒரு மணி ஆனது. மிதந்தது. முகாமையாளர் மீண்டும் எடுத்து, “இன்னும் நிக்குது மிஸ்” என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஒன்றேகால் அளவில் இழுவைப் படகு போய்ச் சேர்ந்தது. அணியம் தண்ணீருக்குள் போய்விட்டது, பின்பக்கம் மேலே நிற்கிறது, கயிறு போடப் பக்கத்தில் போகமாட்டேன் என்றார் மாஸ்டர். அவர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கற்கள் ஒரு பக்கம் சரிந்தன. பார்ஜ் புரண்டு போய்விட்டது. படகு போய்ச் சேர்ந்ததற்கும் பார்ஜ் புரண்டதற்கும் இடையில் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான்கு பேரையும் எடுத்திருக்க முடியுமா என்பதுதான் எனக்கு இன்றும் தெரியாது.

பிறகு நான் மாஸ்டரிடம் நேரில் கேட்டேன். “அந்த நாலு பேரும் பார்ஜிலேயே நிண்டிருந்தால், நீங்கள் எடுத்திருப்பீங்களோ?”

அவர் நேர்மையான மனிதர். “எடுத்திருப்பன் எண்டும் சொல்ல ஏலாது, ஏலாமப் போயிருக்கும் எண்டும் சொல்ல ஏலாது” என்றார். “என்னைக் கேட்டு நித்திரையைக் கெடுக்காதேங்கோ.”

விசாரணை நடந்தது. என் வரைபுத்தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி அந்தக் கோட்டில் விரலை வைத்து மேலே கொண்டுபோனார். “உங்கட கணக்கின்படியே ஒரு மணி வரைக்கும் நேரம் இருந்திருக்கு. பதினொன்றேகாலுக்கே ஏன் இறக்கச் சொன்னீங்கள்?”

“இது பின்பக்கத்துத் தண்ணீரின் கோடு, ஐயா. முன்பக்கத்துக்கு என்னிடம் ஒரு புள்ளிகூட இருக்கவில்லை” என்றேன்.

அவர் தாளை மடித்து வைத்தார். என்மேல் குற்றம் என்று எழுதவில்லை. சரி என்றும் எழுதவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதற்குள்ளேயே இருக்கிறது. கோடு கீறுங்கள். கையால் கீறினாலும் சரி, கைப்பேசியில் கீறினாலும் சரி, எனக்கு அதில் வழக்கில்லை. நேர்கோடு மிக இலகுவானது. அதனால்தான் அதை நம்பிவிடுவோம். ஆனால் கோட்டை நீட்டிப் பார்க்க முன்பு, அந்த y எதை அளக்கிறது, யார் எந்த இடத்தில் நின்று அளக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு புள்ளி விலகி நின்றால் அதைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று உங்களுக்குள் மட்டும் வழக்காடாதீர்கள். அளந்தவர் மறுமுனையில் உயிரோடு இருக்கிறார், அவரைக் கேளுங்கள். முக்கியமாக, அந்தப் புள்ளி நீங்கள் ஆசைப்படும் பக்கத்துக்கு விலகியிருந்தால் இரண்டு தரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கு முழுவதும் தெரியாது. தெரியாமலே சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்லும் நேரத்தில் உங்களுக்குப் பயம் வராவிட்டால்தான் நான் உங்களுக்காகக் கவலைப்படுவேன்.

ஹனீபா நானாவின் காலை வைத்தியர்களால் காப்பாற்ற முடியவில்லை. அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கிண்ணியாவுக்குப் போனேன். போகும் வழி முழுவதும், பாலத்தைக் கடக்கும்போதும், பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். நானா கட்டிலில் நித்திரையாக இருந்தார். அவருடைய மனைவி எனக்குக் கதிரை போட்டுக் கொடுத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.  பிறகு, அவரை எழுப்பிவிடாத குரலில் கேட்டார்.

“மிஸ், அந்த பார்ஜ் அதுக்குப் பிறகும் மிதந்திச்சாமே?”

“ஓம்.”

“இவங்க இறங்காம இருந்திருந்தா, கால் மிஞ்சியிருக்குமா?”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “மிஞ்சியிருக்கலாம்” என்றேன்.

அவர் நித்திரையாக இருந்தவரைப் பார்த்தார்.

“ஆள் மிஞ்சியிருப்பாரா?”

“அது தெரியாது.”

அவர் கட்டில் பக்கம் குனிந்தார். பிறகு போர்வையை எடுத்து, கால் முடியும் இடத்தில் மடித்துச் செருகினார்.

“அப்ப கால் போகட்டும், மிஸ்” என்றார். “தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வாறன். இருங்க.”